ஈரல்

புரட்டாசி பிறந்தால் சாட்ஸ்வர்த்தில்
கறிக்கடைக்கு முகம் வாடிவிடும்.
சனிக்கிழமை வரிசையெல்லாம் காய்கறிச் சந்தைக்குப் போய்விடும்.
யூசுப் பாய் துடைத்த கத்தியையே துடைத்துக்கொண்டிருப்பார்.
தராசடியில் நான் ஈ ஓட்டுவேன்.
சாயங்காலம், விற்காத ஈரலைக் காகிதத்தில் சுற்றி நீட்டுவார்:
"உன் பூனைக்கு, காத்தமுத்து.
உங்கள் மாதம் அதுக்கு இல்லையே."

இல்லைதான்.
கடைசி பஸ்ஸில், பின் சீட்டுக்கடியில்,
உள்ளங்கையளவில் கிடைத்தது.
டிக்கெட் இல்லாமல் வந்ததால்
டிக்கெட் என்று பெயர்.
ஐந்து வருடமாக ஈரல், ஈரல்தான்.
வேறெதை வைத்தாலும் முகர்ந்து பார்த்து,
பீயை மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டுப் போகும்.

கோகிலம் அந்த மாதம் வீட்டுக்குள் கறி சேர்க்கமாட்டாள்.
கராஜில் ஒரு காஸ் அடுப்பு,
தனிச் சட்டி, தனிக் கரண்டி.
மூக்கில் முந்தானை, வாயில் கோவிந்தா கோவிந்தா,
அவளே வதக்குவாள்.
எங்களுக்குப் பரங்கிக்காய்.

முதலில் முதுகு முடி சிக்குப்பிடித்தது.
சோம்பல் என்றேன்.
சுவரேறுவதை விட்டது.
வயசு என்றேன்.
கூரையில் பல்லி ஓடியபோது
கண் மட்டும் பின்னால் போனது, தலை போகவில்லை.
கழுத்தைத் தடவினேன்.
முதல்முறையாக என்னைக் கடித்தது.

டாக்டர் ஸாண்டிலே எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கினார்.
கழுத்தெலும்புகள்
மெழுகு ஒழுகி ஒட்டிக்கொண்ட மாதிரி.
"என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?"
தெரிந்த கேள்வி வந்த பையனாக
நான் நிமிர்ந்து சொன்னேன்:
"ஈரல். தினமும். முதல்தரம்."

அவர் பேனாவை மூடிவைத்தார்.
சில வைட்டமின் தண்ணீரில் கரையுமாம்,
மிஞ்சியது மூத்திரத்தோடு போய்விடுமாம்.
இந்த ஏ போகாது.
உடம்புக்குள் தங்கும், சேரும், வட்டியாக ஏறும்,
எலும்பில் வந்து வசூலிக்கும்.
குறைந்தால் கண்ணுக்கு ஆபத்து, கூடினால் கழுத்துக்கு.
"எவ்வளவு கொடுத்திருக்கலாம்?"
கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.
"எப்போதாவது.
இனி இதற்கு அதுவும் வேண்டாம்."

உயிர்ச்சத்து.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
ஒற்றுப்பிழையோடு எழுதி அடிவாங்கின சொல்.
இப்போது பிழையில்லாமல் எழுதுவேன்.

"அளவுக்கு மிஞ்சினால்" என்று தொடங்கினாள் கோகிலம்.
"முடிக்காதே" என்றேன்.
வீடு வரும்வரை அவள் மடியில் கூடை.
நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்:
தினம் ஐம்பது கிராம், ஐந்து வருடம்.
தொண்ணூறு கிலோவுக்கு மேல் வந்தது.
நானே எழுபத்தொன்பதுதான்.
ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோமே,
அது வயிற்றில் எந்த இடம் என்று
உம்கும்பான் ரோட்டில், சிவப்பு விளக்கில் தெரிந்தது.

ஒட்டின எலும்பு இனிப் பிரியாது.
வலி குறையலாம்.
டின் சாப்பாட்டை ஈரலில் கலந்தோம்,
ஈரலைக் குறைத்துக் குறைத்து ஏழு வாரம்.
கடைசி வாரம் ஈரல்
என் விரலில் வாசமாக மட்டும் இருந்தது.
அதை நக்கிவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, தின்றது.

குனிய முடியாததால்
அந்தத் தனிச் சட்டியைக் கவிழ்த்து
அதன்மேல் தட்டு வைத்திருக்கிறோம்.
புரட்டாசி போய் ஐப்பசி வந்து
வீட்டுக்குள் ஆட்டுக்கறி மணந்தபோதும்
சட்டி நிமிரவில்லை.
நாக்கு எட்டாத முதுகை
ராத்திரி செய்திக்குப் பிறகு
ஈரச் சீப்பால் வாருகிறேன்.
சில நாள் பொறுத்துக்கொள்ளும், சில நாள் சீறும்.

நேற்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன்,
வெறுங்கையோடு.
தலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் போய்விட்டது அதற்கு.
முன்கால், பின்கால், மறுபடி முன்கால் என்று
முட்டுச்சந்தில் பஸ்ஸைத் திருப்புவதுபோல்
முழு உடம்பையும் திருப்பியது.
நான் வாசலோரம் ஒதுங்கி
வழிவிட்டு நின்றேன்.