பிழை, பக்கம் 43

நாற்பத்து மூன்றாம் பக்கம், மேலிருந்து ஏழாம் வரி:
'ஹியூ பிரெம்னர், பிறப்பு 1809.
கனடாக் காட்டில் நம்மூரின் முதல் கோடரி.
தொண்ணூற்றேழு வயதுவரை
கண்ணாடி இல்லாமல் பைபிள் படித்தவர்.'

தர்ஸோ ஊர் வரலாறு. மூன்று பதிப்பு வந்துவிட்டது.
மூன்றிலும் அதே வரி,
அதே இடத்தில் ஒரு காற்புள்ளி அதிகம்.

ஆன்டாரியோவிலிருந்து டெல்மா பிரெம்னர் கேட்டது
பெரிதாக ஒன்றுமில்லை.
1832, கப்பல் பட்டியலில்
தாத்தாவின் தாத்தாவுக்கு வயது பதினெட்டு.
புத்தகக் கணக்கில் இருபத்து மூன்று.
நடுவில் ஐந்து வருஷம் எங்கே போயிற்று?

செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி வேலை கிடையாது.
காப்பகத்தில் கையுறை தரமாட்டார்கள்,
கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வார்கள்.
ஜன்னலில் மழை
மேலிருந்து அல்ல, கடலிலிருந்து
படுக்கைவாட்டில் வந்துகொண்டிருந்தது.

ஞானஸ்நானப் பதிவில் ஹியூ இருந்தான்: 1809, மார்ச்.
சில பக்கம் தள்ளி மறுபடியும் ஹியூ: 1814,
அதே அப்பா, அதே அம்மா, அதே பண்ணை.
எழுதியவர் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடக்கம் செய்ததை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை.
வாடகையை எழுதி வைத்திருந்தார்கள்.
சவப்பெட்டி மேல் போர்த்தும் கறுப்புத் துணிக்கு
தேவாலயம் வாடகை வாங்கியது,
பெரியது ஒன்று, சிறியது ஒன்று.
1811, நவம்பர்: 'டேவிட் பிரெம்னர் பிள்ளை ஹியூவுக்கு
சின்னத் துணி, ஒன்றரை ஷில்லிங்.
பாதி பாக்கி.'

பாதி பாக்கி.
அடுத்த பக்கங்களிலும் தேடினேன்.
அந்த முக்கால் ஷில்லிங்கை யாரும் கட்டவில்லை.

பிறகு பிறந்தவனுக்கு
வீட்டில் சும்மா கிடந்த பெயரைப் போட்டார்கள்,
அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவதுபோல.
அவன் கப்பலேறினான், மரம் வெட்டினான், கிழவனானான்.
வரலாறு எழுதிய பாதிரியார்
ஒருவன் பிறப்பை எடுத்து
இன்னொருவன் சாவோடு முடிச்சுப் போட்டுவிட்டார்.
பிழைக்காத பிள்ளைதான்
இத்தனை காலம் பிழையாக இருந்திருக்கிறான்.
இதை டெல்மாவுக்கு எழுத முடியாது,
என் மொழியில் மட்டும்தான் அது ஒரே சொல்.

பாதிரியாரைப் பார்த்துச் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை?
எங்கள் தபால் பெட்டியில் நான் பூங்கோதை அருணாசலம்,
அவர் இளவழுதி கதிரேசன்,
மகள் நறுமுகை இளவழுதி.
இருநூறு வருஷம் கழித்து ஒரு கெட்டிக்காரர்
இந்த வீட்டில் மூன்று குடும்பம் ஒண்டுக்குடித்தனம் என்று எழுதுவார்.
அருணாசலம் என்றொருவர்
வடகடலோரம் குடியேறினார் என்றும்.
அப்பா செங்கல்பட்டைத் தாண்டியதில்லை.

டெல்மா பதில் போட்டார்:
'போன கோடையில்தான் கல்லறைக் கல்லை மாற்றினோம்.
1809 என்று வெட்டியாயிற்று. கிரானைட்.'
மறுநாள் இன்னொன்று, ஒரே வரி:
'அந்தச் சின்னவனை எங்கே புதைத்தார்கள்?'
தெரியவில்லை என்று எழுதினேன்.

வரலாற்றுச் சங்கத்துக் காரியதரிசி திருமதி மேன்சன்
திருத்தச் சீட்டு அச்சடிக்கச் சம்மதித்தார்.
டீ கொடுத்தார். ஷார்ட்பிரெட் கொடுத்தார்.
நான் கொடுத்த இரண்டு வரியில் ஒன்றை அடித்தார்.
'1809 என்பதை 1814 என வாசிக்கவும்.' இது சரி.
'1809இல் பிறந்தவன் வேறு ஹியூ,
மூன்று வயது நிறையவில்லை.'
இது திருத்தம் இல்லையாம், சேர்ப்பாம்.
சீட்டில் இடமும் இல்லை.

ஒட்டும் வேலை என்னிடம் வந்தது.
அறுபது பிரதி, ஒரு புட்டி பசை, மர ஸ்கேல்.
ஏழாம் வரிமேல் அழுத்தி ஒட்டினால்
பழைய வருஷம் அடியில் போய்விடும்.

மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவினேன்,
வேண்டுமென்பவர்
தூக்கிப் பார்க்கும்படி.