காற்றில் ஒரு நிறை, நீரில் ஒரு நிறை

கன்னாதிட்டியில் எங்கள் கடையின் மேல்மாடி அறை.
வெளியே மோட்டார் சைக்கிள்கள்.
உள்ளே, தராசின் கண்ணாடிக் கூட்டை மூடும்வரை
மூச்சு விடவும் யோசிப்பேன்.

பாசையூர் றெஜினா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தா.
மோதிரம் பொன். அதைப்பற்றி அவ கேட்கவில்லை.
"மரகதம் எண்டுதான் அவர் தந்தவர்.
கப்பலாலை வந்த முதல் வருசம்."

கல்லைக் கழற்றினேன்.

மரகதத்தின் பச்சை குளிர்ந்திருக்கும்.
இது
மழை விட்டு மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர்,
அல்லது முருங்கையிலை காயத் தொடங்குமுன்
ஒரேயொரு மத்தியானம் காட்டும் மங்கல்.
உள்ளே ஒரு புகை, அசையாமல்.
ஆனால் விளக்கின் கீழ் திருப்பினால்
எண்ணெய் தடவிய முகம்போல்
வெளிச்சத்தைத் திமிரோடு திருப்பி எறிகிறது.

கிணற்றுத் தண்ணீரில் நான் கல் நிறுப்பதில்லை.
எங்கள் தண்ணீரில் ஊரே கரைந்திருக்கிறது;
கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படிவதும் அதுதான்.
தேசிக்காய்ப் புளி பட்டால் நுரைக்கிற சுண்ணக்கல் பூமி.
இந்தக் கல் புளிக்கு அசையாது.
மணலின் சொந்தம் அது, சிலிக்கா வம்சம்,
தெற்கே ஏதோ ஆற்றுச் சரளையில் கிடந்து வந்தது.

பற்றரிக்கு விடும் வடிநீர்ப் போத்தலைத் திறந்தேன்.
காற்றில் நாலு கரட், பத்துப் புள்ளி.
நீரில் மூன்று கரட், எட்டுப் புள்ளி.
முதல் தடவை ஒரு குமிழி ஒட்டிக்கொண்டு பொய் சொன்னது;
தூரிகை மயிரால் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தேன்.
தன் பருமனுள்ள நீரைவிட நாலு மடங்கு.
மரகதம் மூன்றைக்கூடத் தொடாது.

"சிர்க்கோன்" என்றேன்.
"அது கண்ணாடியோ?"

இல்லை. கண்ணாடியாகிக்கொண்டு இருக்கிறது.
நல்ல சிர்க்கோனுக்குள் பார்த்தால்
பின்பக்கத்து விளிம்பெல்லாம் இரண்டிரண்டாய்த் தெரியும்.
இதில் ஒற்றைக் கோடு.
பிறக்கும்போதே உள்ளே அகப்பட்ட யுரேனியம்
ஐம்பது கோடி வருசமாய்
அடுக்கி வைத்த அணுக்களைத் தட்டித் தட்டிக் குலைத்திருக்கிறது.
வரிசை குலைய நிறை குறைந்தது, கடினம் குறைந்தது.
இந்தப் பச்சை வந்ததும் அந்த வழியால்தான்.

அவ குனிந்து லென்சுக்குள் நெடுநேரம் பார்த்தா.
"சுட்டால் பழையபடி வருமோ?"
"வரலாம். வெடிக்கவும் கூடும்.
வந்தாலும் இந்த நிறம் நிக்கும் எண்டு சொல்லேலாது."

"அப்ப சுட வேண்டாம்."

துண்டில் எழுதினேன்: கல், நிறம், நிறை, விலை.
விலையை விரலால் மறைத்துக்கொண்டு
மேலே இருந்ததை மட்டும் வாசித்தா.
"அவருக்குக் கல்லுத் தெரியாது" என்றா.
"பச்சை எண்டது மட்டும் சரி."

கல்லைத் திரும்பக் கட்டிய கூலியை
நான் கேட்க மறந்தது
இரவு கணக்கு எழுதும்போதுதான் தெரிந்தது.