மூன்று முறை நனைத்தும்

கோரிப்பாளையத்தில் பஸ் இறங்குகிறவர்களுக்கு
என்னைத் தெரியாது.
ஃபார்மலின் டப்பாவில் வந்து சேர்ந்த
துணுக்கு வழியாக
எனக்கு அவர்களைத் தெரியும்.
மெழுகில் உறையவைத்து
மூன்று மைக்ரான் கனத்தில் சீவுவேன்.
வெங்காயச் சருகு இதைவிடத் தடிப்பு.

ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரு கண்ணாடி,
புரொஜெஸ்டிரோனுக்கு ஒன்று,
ஹெர்-டூவுக்கு ஒன்று.
பழுப்பு ஏறினால் பாசிட்டிவ்.
நீலமாகவே நின்றுவிட்டால்
மற்றது.

உசிலம்பட்டி மொக்கத்தாய், அறுபத்தொன்று.
பருத்திக்கொட்டை அளவில் தட்டுப்பட்டபோது
களை முடியட்டும் என்றிருந்தாள்.
எலுமிச்சை ஆனபின் வந்தாள்.
கண்ணாடி முழுக்கக் கருப்பட்டி நிறம்.
எட்டுக்கு எட்டு என்று எழுதினார் ஜெசிந்தா டாக்டர்.
பள்ளிக்கூடம் போகாதவளுக்கு
முதல் முழு மார்க்:
ஐந்து வருஷம்,
ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒரு மாத்திரை.

காஜிமார் தெரு ஜன்னத்துல்.
மூன்றாம் கண்ணாடி மட்டும் பிடித்திருந்தது,
செல் ஒவ்வொன்றையும் சுற்றிக் கோழிவலை.
அதற்கு ஊசி உண்டு.
காப்பீட்டு அட்டையில் பேர் தப்பு,
அதற்கு மூன்று வாரம்.

டாக்டரின் ஆய்வேட்டில் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
மேலூர், பேரையூர், வாடிப்பட்டி எல்லாம்
கட்டங்களுக்குள் போய்விட்டன:
வயது, வகை, தரம், அக்குளில் எத்தனை முடிச்சு.
பாதிக்கு மேல் பழுப்பு.
நாற்பதுக்குக் கீழே இறங்க இறங்க
பக்கம் நீலமாகிக்கொண்டே போகிறது.
ஏன் என்பதற்கு
கட்டம் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜன்னலில் வந்து நின்றார்
முனிச்சாலை ரேணுகாபாயின் வீட்டுக்காரர்.
விரல் வைத்து எழுத்துக்கூட்டினார்:
நெகட்டிவ். நெகட்டிவ். நெகட்டிவ்.
"மூணுமே இல்லேன்னு வந்துருச்சு சார்!"
கொரோனாவில் கற்றுக்கொண்ட சந்தோஷம்.
ஜன்னல் கம்பியைத் தொட்டுக் கும்பிட்டார்.
டாக்டரைப் பாருங்க என்றேன்.
அதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
அதற்குள் போனில் யாருக்கோ
சௌராஷ்டிரத்தில் சொல்லத் தொடங்கியிருந்தார்.
நடுநடுவே எனக்குப் புரிந்தது
அந்த ஒரு சொல்தான்.

அவள் பெஞ்சில் இருந்தாள். முப்பத்துநாலு.
சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவள்.
சதை எடுத்த அன்று
என் விரல் கறையைப் பார்த்துவிட்டு
என்ன சாயம் என்று கேட்டவள்.
"முடிச்சு இறுக்கமா விழுந்துட்டா
எத்தனை தடவ முக்கினாலும் ஏறாது சார்.
அந்த எடந்தான் புள்ளி."

யாரும் கேட்காமலே அன்று சாயங்காலம்
அவள் மெழுகுக்கட்டையில் இன்னொரு தரம் சீவினேன்.
மூன்றையும் திரும்பப் போட்டேன்.
பக்கத்தில் வைத்த கன்ட்ரோல்
பழுப்பாகத்தான் இருந்தது.
சாயத்தின் மேல் குற்றமில்லை.

ஜெசிந்தா டாக்டர்
முப்பதை அழித்துவிட்டு
முப்பத்தொன்று என்று எழுதினார்,
பென்சிலில்.