திருத்தங்கள்

சனிக்கிழமை, ஐந்தாம் பக்கம், இடது மூலை.
முந்நூறு சொல்.
கரடிப்போக்குச் சந்தியில் நின்று
கிளிநொச்சி மாறுவதை எழுதுகிறேன்,
இது பதினோராவது வருடம்.
பத்திக்கு எழுநூறு ரூபா.
விளம்பரம் வந்து விழுந்தால்
பத்தி அடுத்த கிழமைக்கு ஒதுங்கும்,
எழுநூறும் ஒதுங்கும்.

மாசியில் எழுதினேன்:
“புதிய லீசிங் கம்பனியின் கண்ணாடிச் சுவரில்
எங்கள் முகங்கள் கோணலாய்த் தெரிகின்றன.”
நல்ல வரி என்றார் ஆசிரியர், தொலைபேசியில்.
அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற யோகரதி
பேப்பரோடு வழிமறித்தாள்.
“அது கண்ணாடியின்ர பிழை அண்ணை.
பூட்டினவன் ரெண்டு ஆணி குறைச்சுப் பூட்டிப்போட்டான்.
காத்தடிச்சா என்ர தலையிலதான் விழும்.
அதை எழுதியிருந்தா
ஆராவது வந்து பாத்திருப்பினம்.”

பஸ் நிலையத்து அருளம்பலத்தைப் பற்றி
உருக்கமாக முடித்திருந்தேன்:
இந்தப் பத்தியும் நாளை
அவருடைய கச்சான் சுருளாகும் என்று.
“சுகாதாரப் பரிசோதகர் விடார்” என்றார் அவர்,
“மை கூடாதாம்.
பொலித்தீன் பைக்கு மாறி ஒண்டரை வருசம்.
உம்மட பேப்பர் எனக்கு ஒண்டுக்கும் உதவாது.”
ஒரு பை தந்தார்.
காசும் வாங்கினார்.

‘ஆற்றைத் தின்னும் டிப்பர்கள்’ வந்த அன்று
கேதாரன் டிப்பரை என் சைக்கிளுக்குக் குறுக்கே நிறுத்தி
இறங்காமலே கேட்டான்:
“எந்த ஆறு? பேரைப் போடும்.
ஆற்ற பேர்மிட்? அதையும் போடும்.
ஏலாதெண்டா
என்ர இலக்கத் தகட்டைப் படம் பிடிச்சுப் போடாதையும்.”
ஆறும் தெரியும். ஆளும் தெரியும்.
அடுத்த சனி
பாதசாரிக் கடவை பற்றி எழுதினேன்.

பால்பண்ணைக் கடை போன் கடையாகி
போன் கடை மருந்துக்கடையானது.
மத்தியான வெயிலில்
மேல் பலகையின் வெள்ளைப் பூச்சுக்குள்ளால்
கீழ்ப் பெயர் கொஞ்சம் தெரியும்.
இதைப் பற்றி யாரும் திருத்தம் சொல்லவில்லை.
யாரும் வாசிக்கவில்லைப் போல.

கோயிலடித் தகரப் பந்தலுக்கு வைகாசியில் போனேன்.
“எல்லாம் மாறிய வீதியில்
மாறாமல் இருப்பது இந்தப் பந்தல் மட்டும்”
என்ற வரி ஏற்கனவே கையில் இருந்தது.
படங்களின் கீழே இருந்தவர்களில்
திரவியநாயகி கொப்பியை எட்டிப் பார்த்து
சத்தமாக வாசித்தார்.
“மாறேல்லையோ?”
பலகையைக் காட்டினார்.
எத்தனையாவது நாள் என்ற இலக்கம்.
“விடிய ஆறு மணிக்கு அழிச்சு எழுதிறனான்.
மழைக்கும் எழுதினது, ஊரடங்குக்கும் எழுதினது.
இந்த றோட்டில
ஒரு நாளும் தவறாம மாறுறது இதுதான் தம்பி.”

அன்று மார்க்கர் காய்ந்து போயிருந்தது.
முன் மூன்று இலக்கமும் நேற்றையதே,
கடைசி இடம் மட்டும் வெறுமை.
“உங்கட பேனை எழுதுமோ?”
கொடுத்தேன். பலகையைப் பிடித்துக்கொண்டேன்.
எட்டு எழுத வேண்டும்.
மேல் வட்டத்தை ஐந்தாறு தரம் அழுத்திக் கீறினார்.
கீழ் வட்டம் பாதியில் நிற்க
மை தீர்ந்தது.
மிச்சத்தை மையில்லாத முனையாலேயே சுற்றி முடித்தார்,
பலகையில் கீறல் மட்டும் விழுந்தது.

வீதிக்கரை வரை போய்த் திரும்பிப் பார்த்து
ஒன்பது போலத் தெரிகிறது அம்மா என்றேன்.

“இருக்கட்டும்” என்றார்
பேனையைத் திருப்பித் தந்தபடி.
“நாளைக்குச் சரியா வந்திடும்.”