கசிவு

இரவு இரண்டரை. யஷ்வந்த்பூர் பக்கம்
சரக்கு ரயில் போவது தரையில் தெரிகிறது.
அது போய் முடியும்வரை தரவு எடுக்க மாட்டேன்.

குளிர்கலனுக்குள், விண்வெளியைவிடச் சில்லிட்ட மூலையில்
விரல்நீளச் செம்புப் பெட்டி.
உள்ளே அணு மாதிரி ஒன்று; அணு அல்ல,
போன சித்திரையில் நானே ஆவியாக்கிப் படியவைத்த
அலுமினியக் கோடு.
கூடவே கொஞ்சம் ஒளி, கண்ணுக்குப் படாத வகை.

செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.
அது கசிந்துகொண்டே இருக்கும்.
கசியாத பெட்டியும் செய்யலாம்தான்.
உள்ளே என்ன நடந்தது என்று
அப்புறம் யாருக்கும் தெரியாது.

நிலையாகத்தானே இருக்கிறது, அப்படியானால் சமநிலைதானே
என்றார் தணிக்கைக்கு வந்த கணக்காளர்.
என் வங்கிக் கணக்கைச் சொன்னேன்.
ஒன்றாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி மத்திகெரே வாடகை,
கடைசியில் எந்த மாதமும் அதே நாலாயிரம்.
நிலைதான் சார்.
ஒரு மாதம் சம்பளம் நின்றால் தெரியும்
என்ன நிலை என்று.
சிரித்தபடி ஹீலியம் பில்லில் கையெழுத்துப் போட்டார்.

குமிழை ஏற்றுகிறேன். இருட்டு.
இன்னும் கொஞ்சம். இருட்டு.
ஒரு போட்டான் உள்ளே இருந்தால் அடுத்ததற்கு வழியில்லை,
முதல் நிறுத்தத்தில் ஏறி வாசலிலேயே நின்றுகொள்ளும்
மெஜஸ்டிக் பஸ் பயணி மாதிரி.
இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன்.
ஆயிரம்.

இறக்கினால், ஏறிய வழியில் இறங்குவதில்லை.
இருட்டாயிருந்த அதே எண்ணில் இப்போது வெளிச்சம்.
எங்கிருந்து வந்தோம் என்பதை
ஒரு பெட்டி எங்கே வைத்துக்கொள்கிறது?

நடுவில் ஓரிடம் உண்டு.
அங்கே மங்கல் என்று ஒன்று கிடையாது.
முழு இருட்டு, பிறகு முழு வெளிச்சம்,
பிறகு இருட்டு.
போன வருடம் நொடிக்கொரு தரம் மாறியது.
பிணைப்பை இறுக்கினோம்.
இப்போது நாற்பது நிமிடமாகக் காத்திருக்கிறேன்.
இன்னும் இறுக்கினால் மாறவே மாறாது.
அதற்குத்தான் நாங்கள் வைத்த பெயர்
நிலைமாற்றம்.

ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு ஹொன்னேகௌடா வந்தார்.
"ஆயிதா?"
இல்லை. யோசித்துக்கொண்டிருக்கிறது.
நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு
அவரும் அந்தத் தட்டைக் கோட்டையே பார்த்தார்.
ஃபிளாஸ்கில் அரைக் கப் டீ இருந்தது.

மாறிய நேரம் பதிவில் இருக்கிறது:
நாலு பதினொன்று, ஏழு நொடி.
அப்போது நாங்கள் இருவரும்
மண்டியா வெல்லத்தின் விலையைப் பற்றி
பேசிக்கொண்டிருந்தோம்.