இரைச்சல் நீக்கம்

மூக்கையூரில் தெருவிளக்கு
கோயில் முக்கோடு நின்றுவிடுகிறது.
அதற்கப்பால் மணல்,
மணலுக்கப்பால் சத்தம் மட்டும்.
எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான்:
மானியில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு லக்ஸ்.
பெங்களூரில் இவ்வளவு இருட்டு
வாடகைக்குக்கூடக் கிடைக்காது.

அறுநூறு ரூபாய்க்கு
நடந்து காட்ட ரெஜினாள் வந்தாள்.
பகலெல்லாம் வலையிலிருந்து நண்டு பிரித்த விரல்களில்
துணி சுற்றியிருந்தது.
தலைக்கருவியை மாட்டி, பட்டையை இறுக்கி,
கொண்டைக்கு வழிவிட்டேன்.
"ராத்திரில இத யாரு மாட்டுவா?"
விளக்கணைத்துப் படுத்துச் சினிமா பார்க்கிறவர்கள், என்றேன்,
நடுவில் தண்ணீர்ச் சொம்பைத் தேடும்போது.
சிரித்தாள்.
"என்ன தெரியுது?"
"எறும்பு.
எல்லா எடத்துலயும் எறும்பு. கடலு மேலயும்."

அந்த எறும்புகளோடுதான் எனக்கு நாலு வருஷச் சண்டை.
போதாத வெளிச்சத்தை இழுத்துப் பெருக்கினால்
கூடவே பெருகும் புள்ளிக்கூட்டம்.
எங்கள் பாஷையில் அதற்கு இரைச்சல் என்று பெயர்.
காதில் விழாத இரைச்சல்.
விழுகிற இரைச்சல் முப்பதடி தள்ளிக்
கரையில் விழுந்துகொண்டிருந்தது;
அதை நீக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கேமராவின் கண்ணை
நெடுநேரம் திறந்துவைக்கலாம்.
அப்போது அவள் தலை திருப்பினால்
உலகம் பின்னால் இழுபடும், ஈரச் சேலைபோல.
அல்லது, முந்திய எட்டுப் படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி,
எல்லாவற்றிலும் இருப்பது மெய்,
ஒன்றில் மட்டும் மினுங்குவது பொய் என்று
தீர்ப்புச் சொல்லலாம்.
நான் இரண்டாவது கட்சி.

புது நிரலை ஏற்றினேன்.
எறும்பு போயிற்று.
கவிழ்த்த வத்தை தெரிந்தது, அதன் எண் தெரிந்தது,
நங்கூரக் கயிறு, உடைந்த ஐஸ்பெட்டி,
நாய் படுத்து எழுந்துபோன பள்ளம்கூட.
ரெஜினாள் கயிற்றைத் தாண்டிப்
பதினாறு தப்படி தடுமாறாமல் நடந்தாள்.
குறிப்பேட்டைத் திறந்தேன்.

"இது யாரு வீட்டுப் பகலு?"
"பிடிக்கலையா?"
"நல்லாத்தான் இருக்கு.
தண்ணி மட்டும் செத்துக் கெடக்கு."

கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு
அவள் போய் அலையைக் காலால் எத்தினாள்.
திரையில் ஒரு பெண், சாம்பல் நீர், தெறிப்பு.
கருவியை நெற்றிக்கு ஏற்றினேன்.
கண் பழக ஒரு நிமிஷம் ஆயிற்று.
அவள் கணுக்காலைச் சுற்றி
பச்சையாக எரிந்துகொண்டிருந்தது கடல்,
எத்த எத்தப் பொரிப்பொரியாய்.
இறக்கினேன், இல்லை.
ஏற்றினேன், எரிந்தது.

ஒரு படத்தில் மினுங்கி
அடுத்ததில் இல்லாமல் போனது,
ஆகவே பொய்.
எழுதியது என் கை, வரி இருநூற்றுப் பதினொன்று.
அண்ணாந்தேன். சின்னதாய் இருந்த குற்றத்துக்காகப்
பாதி நட்சத்திரத்தைத் துடைத்திருந்தது.
தள்ளி நின்ற வத்தையில் சந்தியாகு
நடுப்பகலில் நிற்பவர்போல் துலக்கமாய்த் தெரிந்தார்,
வாயருகே கை போய்ப் போய் வந்தது,
பீடியில் நெருப்பில்லை.

ஐஸ்பெட்டிமேல் மடிக்கணினியை வைத்து
தீர்ப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன்.
இரண்டு மணிக்குப் பீடி பற்றிக்கொண்டது.
மூன்றுக்கு அலையின் விளிம்பில் மட்டும் பச்சை.
ரெஜினாள் மறுபடி மாட்டிப் பார்த்தாள்.
"எறும்பு வந்துருச்சே."
ஆமாம், என்றேன், கொஞ்சம்.
"இருக்கட்டும். எது எறும்பு, எது தண்ணின்னு
எனக்குத் தெரியும்."

பெங்களூருக்கு அறிக்கை:
இரைச்சல் மூன்று விழுக்காடு கூடியுள்ளது.
காரணம் என்ற கட்டத்தை
விடிந்தபின் நிரப்பலாம் என்று விட்டேன்.

அறுநூறையும் அவள்
டார்ச் கேட்காமல், என்னைப் பார்த்துப் பேசியபடியே
விரலால் எண்ணினாள்.
ஒரு நூறு குறைந்தது. கொடுத்தேன்.