வரிசையின் வால்

பீடோங்கில் மார்க்கெட்டுக்குப் பின்னால்
பெயரில்லாத ஒரு சந்து இருக்கிறது.
அதற்கு இருசாயியின் பெயரை வைக்கச் சொல்லி
நகராண்மைக் கழகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன்.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
அப்படி ஒருவர் பதிவில் இல்லை.
பெரியண்டி என்ற கணித மேதையைக் குறிப்பிடுகிறீர்களா?

பெரியாண்டி அவளுடைய அப்பா.
மூணாங்கட்டைத் தோட்டத்தில் மருந்தடித்தவர்.
கைநாட்டு.
அப்பன் பெயரைக் குடும்பப் பெயரென்று நினைக்கும் ஊரில்
மகளின் தேற்றத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்,
அதுவும் செக்ரோலில் கிராணி எழுதியபடியே,
ஒரு கால் குறைவாக.
‘பெரியண்டி வரம்பு’ என்று
யாரோ எங்கோ கரும்பலகையில் எழுதுகிறார்கள்.
அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்,
வரம்பா? நமக்கு ஏதுடா நிலம்?

தேற்றம் முளைத்த இடம் பால் ஸ்டோர்.
முற்பகல் பதினொன்றரை.
அம்மா குப்பாயிக்கு மலைமேல் நிறை.
எல்லோரையும்போல இருட்டில்தான் வெட்டினாள்,
காண்டாவைத் தோளில் வைத்து இறங்கி வருவதற்குள்
முன்னால் முப்பது பேர்.
வெயில் வாளிக்குள் விரல் விட்டுக் கலக்கும்.
அவள் முறை வரும்போது பால் பாலாக இராது.
கிராணி மெட்ரோலாக்கை அதில் இறக்கவே மாட்டார்.
“கட்டி” என்பார்.
கட்டிக்குப் பாதி விலை.

பன்னிரண்டு வயது இருசாயி அன்று அழவில்லை
என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது.
நான் பார்த்தது அவளுடைய நோட்டை மட்டும்:
கழித்துப் போட்ட செக்ரோல் தாள்களின் பின்பக்கம்,
யார் எத்தனை மணிக்கு வெட்டினார்,
எத்தனை மணிக்கு வந்து நின்றார்,
எத்தனை ராத்தல் கட்டியாய்ப் போயிற்று.
நூற்று நாற்பது நாள்.
மழை நாளில் மட்டும் எண்ணுக்குப் பதில்
ஒரு சின்னக் குடை.

அப்புறம் கோலாலம்பூர்,
அப்புறம் பனி கொட்டும் ஏதோ ஒரு நகரம்,
இருபத்தோரு வருடம் கழித்துப் பதினொரு பக்கம்.
எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்:
காத்திருக்கையில் கெட்டுப்போகும் எதுவானாலும்
வந்த நேரத்தைப் பார்க்காதே, வெட்டிய நேரத்தைப் பார்.
சராசரி ஆளை எடுத்தால் நட்டமே இல்லை.
நட்டமெல்லாம் வாலில்.
வாலில் நிற்பவளைத் தலைக்குக் கொண்டுவா,
இழப்பு ஒரு வரம்பைத் தாண்டாது.
எந்த வரம்பு என்பதற்குத்தான்
பாக்கிப் பத்துப் பக்கம்.

அது அச்சான வருடம்
செம்பனை நடுவதற்காகத் தோட்டத்தைச் சாய்த்தார்கள்.
குப்பாயி கடைசிவரை மலை நிறைதான்.
இன்றைக்கு ஆலை வாசலில் குலை ஏற்றிய லோரிகளை
உள்ளே விடுவது இருசாயியின் கணக்குப்படி.
ஓட்டுநர்களுக்கு அது தெரியாது.
பின்னால் வந்தவன் முந்திப் போகிறானே என்று
மூன்று மொழியில் திட்டுகிறார்கள்.

எனக்கு எப்படித் தெரியுமென்றால்,
சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில்
ரத்த வங்கியில் இரவு வேலை.
தட்டணுப் பைகளுக்கு ஐந்து நாள் ஆயுசு,
ஆடும் தட்டில் ஆடிக்கொண்டே வயதாகும்.
எந்தப் பை முதலில் என்று கணினி சொல்லும்,
திரையின் அடியில், பொடி எழுத்தில்,
அந்தக் கால் குறைந்த பெயர்.

போன வியாழன், விடியற்காலை மூன்று மணி.
நாலு மணி நேரமே மிச்சமிருந்த ஒரு பையை
அது தலைக்கு இழுத்து வைத்தது.
பிரசவ வார்டில் உதிரம் நிற்காத ஒருத்திக்குப் போயிற்று.
பிழைத்தாளா என்று கேட்க
நான் மாடிக்குப் போகவில்லை.
அடுத்த பைக்குச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது.

காலையில் நான்காவது கடிதம் எழுதினேன்.
இந்த முறை குப்பாயி சந்து என்று கேட்டிருக்கிறேன்.
பதிவில் இல்லை என்பார்கள்.
தேதி போட்ட கையோடு, வேலைப் பழக்கத்தில்,
பக்கத்திலேயே
காலாவதித் தேதியும் போட்டுவிட்டேன்.